போலிப் போதகரும் பொருட்பிறழ்ச்சியும்: கொல்லிமலையை முன்னிறுத்திய ஓர் ஆராய்ச்சி

கொல்லிமலை என்றவுடன் தமிழ் பயின்றார் நினைவுக்கு முதற்கண் வருவன வல்வில் ஓரியின் பெயரும் கொல்லிப்பாவையுமே. நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய தொகைநூல்களிற் பாவை பேசப்படுமிடங்களில் அது தலைவியின் பேரழகிற்கு உவமையாகவே நிற்கின்றது. தெய்வம் சமைத்தது, காற்றும் மழையும் தாக்கினும் உருக்கெடாதது என்பனவே ஆண்டு அதற்குக் கூறப்படும் இயல்புகள். தன்பால் வருவாரைப் புன்முறுவலால் மயக்கிக் கொல்லும் பொறி அது என்னும் கதை பிற்காலத்தே வளர்ந்தது. எனினும் வளர்ந்த கதையே இன்று பெருவழக்காயிற்று. அழகிய முகத்தின்பின் அழிவு மறைந்திருக்கக் கூடும் என்னும் அச்சம் மக்கள் உள்ளத்தில் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு இஃதொரு சான்று.

இதே அச்சத்தைக் கிறித்தவ மறைநூல்கள் ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய் என்னும் உருவகத்தால் உணர்த்துகின்றன. மெய்ப்போதகனைப் போன்றே தோன்றிக் கேட்போரைக் கெடுப்பவனைப் பற்றிய எச்சரிக்கை புதிய ஏற்பாட்டில் ஓரிடத்தன்று, பலவிடத்தும் காணப்படுகின்றது. பாவையின் மலைக்கே 1913ஆம் ஆண்டளவில் ஆங்கில நாட்டுப் போதகர் இருவர் ஏறிச் சென்றனர். அவர்தம் மறைநூலை முன்பின் அறியாத மலைமக்கள் அவரை மெய்யர் என்றோ பொய்யர் என்றோ தாமே தெளிய வேண்டியிருந்தது. நூல் கல்லாதார் எதைக்கொண்டு தெளிவது? நூல் கற்றாரேனும் எதைக்கொண்டு தெளிகின்றனர்? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருள். சமயவாதம் புரிவது எம் நோக்கமன்று. சொல்லும் பொருளும் ஆராய்வார்க்கு இதிற் செய்தற்குரிய பணியொன்று உண்டு என்பதே யாம் கூறக் கருதியது.

இலக்கணநூலார் போலி என்றொன்று கூறுவர். மயல் மையல் ஆதலும், முகம் முகன் ஆதலும், ஐந்து அஞ்சு ஆதலும் போலியாம். ஓரெழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து வந்து நின்றும் பொருள் திரியாதிருத்தல் அதன் இயல்பு. சமயத்துறையிற் காணும் போலியோ இதற்கு நேர்மாறானது. ஆண்டு எழுத்துத் திரிவதில்லை, சொல்லும் திரிவதில்லை, பொருள்தான் திரிகின்றது. காணிக்கை என்னும் சொல் காணிக்கை என்றே ஒலிக்கின்றது, ஆயினும் கைம்மாறு கருதாத கொடை என்னும் பொருள் நழுவி நலம் பெறுதற்குரிய விலை என்னும் பொருள் அதன்கண் வந்து அமர்கின்றது. ஆசீர்வாதம் என்பது பொன்னும் மனையும் ஆகின்றது. விசுவாசம் என்பது போதகனை வினவாதிருத்தல் ஆகின்றது. பழஞ்சொற்களே ஒலிப்பதாற் கேட்போர் செவி ஐயுறுவதில்லை. இலக்கணப் போலியை மாணாக்கன் கண்ட அளவிலே அறிகின்றான். இப்போலியை அறிதல் அரிதாவதற்குக் காரணம் இதுவே.

மொழிபெயர்ப்பாளர் இப்போதகனுக்கு இட்ட பெயர்கள் உற்றுநோக்கத் தக்கன. கிரேக்க மூலத்தில் 'பொய்' எனப் பொருள்படும் ஒரே முன்னொட்டுத் தீர்க்கதரிசிக்கும் போதகனுக்கும் பொதுவாக வருகின்றது. தமிழகத்துச் சீர்திருத்தச் சபையார் வழிவழி ஓதிவரும் பழைய மொழிபெயர்ப்பு அதனைக் 'கள்ள' என்று பெயர்த்தது. கள்ளத் தீர்க்கதரிசி, கள்ளப்போதகர் என்னும் தொடர்கள் அவ்வாறு பிறந்தன. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்போ 'போலி இறைவாக்கினர்' என்கின்றது. இரண்டும் ஒரு பொருட்சொற்கள் போலத் தோன்றினும் நுண்ணிய வேறுபாடு உண்டு. கள்ளம் என்பது நெஞ்சின்கண் உள்ளது. வஞ்சிக்கும் கருத்தைச் சுட்டுவது. போலி என்பது புறத்தோற்றத்தின்கண் உள்ளது. வஞ்சிக்கும் கருத்து இன்றியும் ஒருவன் போலியாதல் கூடும். இவ்வேறுபாடு பின்னர்ப் பெரிதும் பயன்படும் ஆதலின் இதனை ஈண்டே நெஞ்சிற் கொள்க.

தொடக்கக் காலச் சபையார் இவ்விடரை எங்ஙனம் எதிர்கொண்டனர் என்பதற்குத் தலைசிறந்த சான்று, 'திதாக்கே' எனப்படும் பன்னிரு அப்போத்தலர் போதனை என்னும் சிறுநூலாகும். நெடுங்காலம் மறைந்து கிடந்த இந்நூலின் ஏட்டுப்படியைக் காண்சுடாண்டினோப்பிளில் பிலோத்தேயோசு பிரியெனியோசு என்னும் அறிஞர் 1873இற் கண்டெடுத்து 1883இற் பதிப்பித்தார். முதல் நூற்றாண்டின் இறுதியையோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தையோ சார்ந்தது என்பது பெரும்பாலார் கருத்து. ஊர்தோறும் சுற்றித் திரிந்த போதகர்களை ஏற்பதா மறுப்பதா என்று திகைத்த எளிய ஊரார்க்கு எழுதப்பட்டது போலும் அதன் நடை. வருபவனை வரவேற்றுத் தங்கவிடுக. ஒருநாள், வேண்டுமாயின் இருநாள். மூன்றாம் நாளும் தங்குவானாயின் அவன் பொய்யன். புறப்படும்போது அடுத்த தங்கலிடம் வரைக்கும் வேண்டும் அப்பமன்றிப் பணம் கேட்பானாயின் அவன் பொய்யன். ஆவியின் ஏவலால் விருந்து சமைக்கச் சொல்லித் தானே அதனை உண்பானாயினும் அவ்வாறே. வறியோர்க்கென்று கேட்பானை மட்டும் யாரும் பழித்தல் கூடாது. ஊரில் நிலையாகத் தங்க விரும்புவோன் கைத்தொழில் செய்து உண்ணல் வேண்டும். அதற்கும் இசையானாயின் அவன் கிறித்துவின் பெயரால் வாணிகம் செய்பவன் என்று அந்நூல் ஒரு புதுச்சொல்லே படைத்து வைக்கின்றது.

இதனைப் படிக்கும் தமிழ் மாணவர்க்குப் புறநானூறு நினைவுக்கு வராமற் போகாது. இம்மையிற் செய்வது மறுமைக்கு ஊதியமாகும் எனக் கணக்கிட்டு அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் ஆய் அண்டிரன் என்று முடமோசியார் பாடினார். அறமும் வாணிகமும் கலத்தலாகா என்னும் உணர்ச்சி இரு நிலத்தும் தனித்தனியே தோன்றியிருத்தல் வியப்பிற்குரியது.

திதாக்கே கூறும் சோதனைகள் கல்லாதாரும் கையாளத்தக்கன. நாள் எண்ணவும் காசு பார்க்கவும் நூலறிவு வேண்டா. ஆயினும் இவை கள்ளத்தையே காட்டும், பொருட்பிறழ்ச்சியைக் காட்டமாட்டா. பொருட்பிறழ்ச்சியைக் காண்டற்கு மூலநூலை முன்னும் பின்னும் வைத்துப் படித்தல் வேண்டும். அப்போத்தலர் பணி என்னும் நூலில் பெரேயா நகரத்தார், தம்மிடம் வந்து போதித்தவர் பவுலே ஆயினும் அவர் சொல்வது மறையொடு பொருந்துமோ என நாள்தோறும் ஆராய்ந்து பார்த்தனர். அதற்காக அவர் பாராட்டப்பட்டனரேயன்றிப் பழிக்கப்படவில்லை. பேதுருவின் இரண்டாம் திருமுகமோ பவுலின் எழுத்துக்களில் உணர்தற்கரிய பகுதிகளைச் சிலர் புரட்டிப் பொருள் கொள்வதைத் தன் காலத்திலேயே சுட்டிச் செல்கின்றது. பொருட்பிறழ்ச்சி பிற்காலத்து நோய் என்று எண்ணற்க.

இது நிகழும் முறையைச் சில எடுத்துக்காட்டுக்களால் விளக்குதல் நன்று. தமிழகத்து மேடைகளிலும் வேற்றுநாட்டு மேடைகளிலும் ஒருங்கே வழங்குவன இவை.

திருப்பாடல்களுள் 105ஆம் பாடலில், கடவுள் தாம் திருப்பொழிவு செய்தவர்களைத் தொடலாகாது என்று கட்டளையிட்டதாக ஓர் அடி வருகின்றது. தன்னை யாரும் வினவலாகாது எனக் கருதும் போதகன் இவ்வடியைக் கேடயமாக ஏந்துகின்றான். சபைக்கணக்கைக் கேட்டாரும் ஒழுக்கத்தை ஐயுற்றாரும் இவ்வடியால் வாயடைக்கப்படுகின்றனர். அப்பாடலின் முன்னடிகளை நோக்கின் உண்மை புலனாகும். நிலமும் அரணும் இல்லாது நாடுவிட்டு நாடு அலைந்த சிறு கூட்டத்தாராகிய முதுதந்தையரையே ஆண்டுத் திருப்பொழிவு பெற்றோர் என்றது. அவரைத் தொடலாகாது என்று கடிந்துரைக்கப்பட்டவர் அரசர்கள். வலியாரிடமிருந்து மெலியாரைக் காக்க எழுந்த சொல், மெலியார் வாயினின்று வலியாரைக் காக்கும் சொல்லாயிற்று. ஓரெழுத்தும் மாறவில்லை.

லூக்காவின் நற்செய்தியில், கொடுப்பார்க்கு அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி அளந்து கொடுக்கப்படும் என வருவதும் இத்தகையதே. காணிக்கைத் தட்டு வரும்போது ஓதப்படும் இவ்வடிக்கு முன் நிற்பது பிறரைத் தீர்ப்பிடாமை, குற்றம் பொறுத்தல் ஆகியவற்றைப் பற்றிய பேச்சு. மடியில் அளந்து கொட்டப்படுவது தவசமளக்கும் அங்காடிக் காட்சியினின்று எடுத்த உருவகம். உருவகத்தைக் கணக்காக்கினால் ஒன்றுக்கு நூறு என வட்டி பேசுதற்கு வழி பிறக்கின்றது.

மூன்றாவது எடுத்துக்காட்டு எமக்கு எல்லாவற்றினும் சுவையுடையதாகத் தோன்றுகின்றது. யோவானின் மூன்றாம் திருமுகம், அதனைப் பெறுவோன் ஆன்மா நலமுடன் இருப்பது போல அவன் எல்லாவற்றிலும் நலமுற்று உடல்நலத்தோடும் வாழ்க என்னும் வாழ்த்தோடு தொடங்குகின்றது. அமெரிக்க நாட்டில் ஓரல் இராபர்ட்சு என்னும் போதகர் 1947இல் இவ்வொரு வாழ்த்தினின்றே, செல்வமும் உடல்நலமும் நம்பினோர் எல்லார்க்கும் உறுதியாக வாக்களிக்கப்பட்டன என்னும் கருத்தைத் தாம் பெற்றதாகக் கூறினார். அக்கருத்து உலகெங்கும் பரவிற்று. ஆனால் பழைய கிரேக்க மடல்களைப் பயின்றார் அறிவர், உடல்நலம் விழையும் வாழ்த்து அக்கால மடல் எழுதுவோரின் பொதுமரபு என்பதை. நலம், நலமறிய அவா என்று நாம் எழுதுகின்றோம். அதனைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு நோய் வாராது என எழுதித் தந்துள்ளீர் என்று ஒருவர் வழக்காட வந்தால் என் செய்வோம்? மடலின் மரபு அறியாமை ஒரு கோட்பாட்டிற்கே தாய் ஆயிற்று. உரையாசிரியர்கள் இடம், காலம், கேட்போர், கூற்று என நம் நூல்களுக்கு வகுத்த முறைகள் வெறும் ஏட்டுப்புலமை அல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. அகப்பாட்டில் தோழி கூற்றைத் தலைவி கூற்றாகக் கொண்டு உரை வகுத்தால் வகுப்பறையில் நகைப்பொலி எழும். மேடையில் அதே பிழை நிகழுங்கால் கைதட்டு எழுகின்றது.

இனி, இதற்கு மறுபக்கம் ஒன்றுண்டு. போலிப் போதகன் என்னும் பழி மெய்யர் மேலும் எளிதில் எறியப்படுவது. தமிழகத்துக் கிறித்தவ வரலாறு இதற்கு நிரம்பச் சான்று தரும். 1606இல் மதுரைக்கு வந்து தத்துவ போதகர் எனப் பெயர் பூண்ட இராபர்ட் தெ நோபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் சமயத்துக்கு மாறாகா எனக் கொண்டமைக்காகத் தம் துறவுக் கூட்டத்தாராலேயே குற்றஞ்சாட்டப்பட்டார். 1619இற் கோவாவில் அவரை வைத்து வழக்காடினர். 1623இற் பதினைந்தாம் கிரகோரி பாப்பிறை அவர் முறைக்கு இசைவு தந்த பின்னரே பழி ஒருவாறு அடங்கிற்று. போதகர் என்னும் சொல்லைப் பெயரிலேயே கொண்டவர் பொய்ப்போதகர் எனத் தூற்றப்பட்டது வரலாற்றின் முரண்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வம்பு இருபுறத்தும் பாய்ந்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் அவர் வழிவந்தோரும் ஒருபுறம்; வீரமாமுனிவர் மறுபுறம். லுத்தேரனார் கூட்டத்தை மறுத்து முனிவர் 1728இல் வேத விளக்கம் எழுதினார். அவர்கள் திருச்சபை பேதகம் என ஒன்று எழுத, முனிவர் பேதகம் மறுத்தல் என விடை எழுதினார். பேதகம் என்னும் சொல்லே ஒருவர் கையினின்று மற்றவர் கைக்குப் பந்துபோற் சென்று மீண்டது. தரங்கம்பாடி மொழிபெயர்ப்பின் தமிழ்நடையை முனிவர் எள்ளியதும் உண்டு. தமிழ்நடை பற்றிய அளவில் முனிவர் பக்கமே வழக்கு வலியுடைத்து என்பது எம் கருத்து. ஆயினும் 1715இல் அச்சேறி முடிந்த அப்புதிய ஏற்பாடு, நடை கரடுமுரடாயினும், கேட்போன் கையில் மூலத்தை வைத்தது. பெரேயா நகரத்தார் செய்ததைத் தமிழ்க் குடியானவனும் செய்தற்கு அதுவே வாயில் திறந்தது. இன்னொரு பக்கம், உபதேசியார்க்கென முனிவர் 1727இல் இயற்றிய வேதியர் ஒழுக்கம், போதிப்பான் ஒழுக்கத்தையே முதன்மையாகப் பேசும் நூல். தமிழ் மாணவர் பரமார்த்த குருவின் கதையைப் படித்து நகைப்பதோடு அமையாது, அதனை வேதியர் ஒழுக்கத்தோடு அருகே வைத்துப் படித்தல் வேண்டும். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐவரும் இல்லையாயின் பரமார்த்த குரு ஒரு நாளும் குருவாக இருந்திருக்க முடியாது. குருவின் குறையிற் பாதி சீடருடையது என்பதை அக்கதையினும் தெளிவாகக் காட்டிய உரைநூல் தமிழில் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை (1823–1918) ஐரோப்பியப் போதகர்களொடு முரணி 1857இல் நாசரேத்தை அடுத்த மூக்குப்பேரியில் தனிச்சபை கண்டார். ஓய்வுநாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். பழைய ஏற்பாட்டு முறைகள் பலவற்றைக் கைக்கொண்டார். அவரைப் பேதகர் என்றனர். ஆனால் அம்முரண்பாட்டின் வேர், தம் மக்களை ஐரோப்பியர் இழிவுபடுத்தினர் என்னும் மானவுணர்ச்சியிலும் இருந்தது. 1849இற் கால்டுவெல் அச்சமூகத்தாரைப் பற்றி எழுதி வெளியிட்ட நூல் அவ்வுணர்ச்சியைத் தூண்டிற்று. ஆதலின் பழிச்சொல் எழுந்தவிடத்து, அதனை எழுப்பியவர் யார், அவர்க்கு அதனால் ஆவது யாது என்றும் வினவுதல் ஆராய்ச்சியாளன் கடன்.

கள்ளமும் போலியும் வேறு என முன்னர்க் கூறினோம். அதனை மெய்ப்பிக்கும் நிகழ்ச்சி ஒன்று திருவிதாங்கூரில் நிகழ்ந்தது. தமிழ் அந்தணர் குடியிற் பிறந்து 1861இற் கிறித்தவரான யுசுத்தூசு யோசேப்பு என்பார் மலையாளத்தில் உருக்கமான இசைப்பாக்கள் இயற்றியவர். அவை இன்றும் பாடப்படுவன. கிறித்து இவ்வுலகிற்கு மீண்டு வரும் நாள் 1881 அக்டோபர் 2 என அவர் அறிவித்தார். இன்னும் ஐந்தரை ஆண்டே உள்ளது என்னும் அறிவிப்பினால் அவர் கூட்டத்தாரை அஞ்சரை வேதக்காரர் என மக்கள் அழைத்தனர். குறித்த நாள் வந்தது, சென்றது. கூட்டத்தார் பலர் கலையவில்லை; வரவு ஆவியின்வழி நிகழ்ந்துவிட்டது எனப் பொருள் மாற்றிக் கொண்டனர். யுயோமயம் என்னும் பெயரில் அவ்வியக்கம் தொடர்ந்தது. இவர் காசுக்காக வஞ்சித்தார் என்று கூறுதற்கு இடமில்லை. திதாக்கேயின் சோதனைகள் பலவற்றில் இவர் தேறியிருப்பார். குறித்தது நிகழாவிடின் அது கடவுள் வாக்கன்று எனக் கூறும் உபாகமத்தின் 18ஆம் அதிகாரத்துச் சோதனையிலோ தேறார். அச்சோதனையை அவர் கூட்டத்தார் அறியாதவர் அல்லர். அறிந்திருந்தும் வந்தது என்னும் சொல்லின் பொருளையே மாற்றி அதனைக் கடந்தனர். நல்லொழுக்கமும் மெய்யன்பும் உடையார் வாயிலும் பொருட்பிறழ்ச்சி பிறக்கும். அவ்விடத்து அதனைக் கண்டறிதல் மேலும் கடினம். அன்பு கண்ணை மறைக்கும்.

மீண்டும் கொல்லிமலைக்கு வருவோம். இன்று எழுபது கொண்டையூசி வளைவுகளோடு சாலை ஏறுகின்றது; 1913இற் சாலை இல்லை. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில், மலைக்காய்ச்சலுக்குப் பேர்போன இடம். ஆண்டு வாழும் மலையாளிகள் என்பார் சேரநாட்டார் அல்லர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் அப்பெயர் பெற்ற தமிழ் பேசும் குடியினர். காஞ்சிபுரத்தினின்று தம் முன்னோர் வந்தனர் எனக் கூறிக்கொள்பவர். அறப்பளீசுரர் கோயில் அவர்தம் வாழ்வின் நடுவிடம். இவர்களிடை வந்தவர் யெசி பிராண்டு (1885–1929), அவர் மனைவி ஈவிலின் (1879–1974) ஆகியோர். கண்டிப்பான ஞானமுழுக்குச் சபையாரின் பணிச்சங்கம் அனுப்ப 1907இல் இந்தியாவுக்கு வந்த பிராண்டு கட்டடத் தொழில் அறிந்தவர். வெப்பநாட்டு நோய்களில் ஓரளவு மருத்துவப் பயிற்சியும் பெற்றவர். இருவரும் 1913இற் சேந்தமங்கலத்தில் மணந்து மலையேறினர்.

முதற் சில ஆண்டுகள் போதனையால் யாதும் விளையவில்லை. மலைக்கோயிற் பூசாரி ஒருவர் பகைத்து நின்றார் என்று ஈவிலினின் வரலாறு கூறும் நூல்கள் தெரிவிக்கின்றன. அவர் பகைத்தமை இயல்பே. அவர் நிலையில் நின்று பார்த்தால் போலிப் போதகர் வந்தவர்களே: அயல்மொழி, அயல்தெய்வம், அயல்வழக்கம். அவர் பக்கத்துச் சொல் எவரும் எழுதி வைக்காமையின் மறைந்தது. நமக்குக் கிடைப்பது ஒருபக்க வரலாறே என்பதை மறத்தலாகாது.

பிராண்டு பல் பிடுங்கினார், புண் கழுவினார், பள்ளி நடத்தினார், தச்சும் பட்டுப்புழு வளர்ப்பும் கற்பித்தார். நரம்புச்சிலந்தி நோய் அம்மலையிற் பெருகியிருந்தது. காலினின்று வெளிப்படும் அப்புழுவைக் குச்சியிற் சுற்றி நாளுக்குச் சிறிதளவாக இழுத்தல் வேண்டும். விரைந்தால் அறுந்து புண் சீழ்க்கொள்ளும். (இந்தியா முழுமையும் அந்நோய் நீங்கியதாக 2000ஆம் ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டது.) அத்தகைய பொறுமைத் தொழில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. பின்னர்க் கொடுங்காய்ச்சல் பரவிய காலத்தில் அப்பூசாரியும் நோயுற்றார். அண்டை அயலார் அஞ்சி விலக, பிராண்டு இணையரே அவரை அணுகிப் பேணினர். இறக்கும் நிலையில் அவர் தம் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். அதன்பின் மலைமக்கள் சிலர் அவர் போதனைக்குச் செவிசாய்த்தனர்.

மலைமக்கள் திதாக்கேயைக் கேட்டறிந்தவர் அல்லர். ஆயினும் அவர்கள் கையாண்டது அந்நூலின் சோதனையே. வந்தவன் எத்தனை நாள் தங்குகின்றான், என்ன தொழில் செய்கின்றான், எதைக் கொண்டுபோகின்றான், நோய் வந்தால் ஓடுகின்றானா எனப் பார்த்தனர். பிராண்டு எதையும் கொண்டுபோகவில்லை. 1929 சூனில் தம் 44ஆம் அகவையில் கருநீர்க்காய்ச்சலால் இறந்து அம்மலையிலேயே புதைக்கப்பட்டார். ஈவிலின் பணிச்சங்கத்தினின்று ஓய்வு பெற்ற பின்னும் ஊர் திரும்பாது மட்டக்குதிரையில் மலைதோறும் சென்று தொண்டாற்றி, 1974இல் 95ஆம் அகவையில் மறைந்து கணவரருகே துயில்கின்றார். இவர்தம் மகன் பால் பிராண்டு 1914இல் இம்மலையிற் குடியிருந்த பெற்றோர்க்குப் பிறந்து, வேலூரில் தொழுநோயாளர் கைகளைச் சீராக்கும் மருத்துவத்தால் உலகப்புகழ் எய்தினார்.

இதனால் பிராண்டின் கோட்பாடு மெய் எனத் தெளியப்படுமோ என வினவின், படாது என்பதே விடை. கனியால் மரத்தை அறியும் சோதனை, போதிப்பவன் கேட்போனிடம் எதையேனும் பறிக்க வந்தானா என்பதை அறிவிக்கும். அவன் உரைக்கும் பொருள் மூலத்தொடு பொருந்துமா என்பதை அறிவிக்காது. பின்னதற்கு மூலமே கையில் வேண்டும். மலைமக்கள் முதற் சோதனையைத் தம் கண்ணாற் செய்தனர். இரண்டாம் சோதனைக்கு வேண்டிய எழுத்தறிவைப் பிராண்டின் பள்ளி அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. தம்மையே ஆராய்தற்குரிய கருவியைக் கேட்போர் கையிற் கொடுப்பது போலி செய்யாத செயல் என்பது எம் துணிபு.

ஆசிரியராகாதார் இலக்கணத்தை நன்னூலார் நான்கு உவமைகளால் விளக்கினார்: கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. இவை எழுத்தறிவிப்பானுக்குக் கூறப்பட்டனவாயினும் மறையறிவிப்பானுக்கும் பொருந்துவன. பிறர் அணுகி ஏறுதற்கு இடங்கொடாது கருக்கொடு நிற்கும் மடற்பனை, வினாவை ஏலாத போதகன் ஆவான். ஒருவன் வேரில் நீரூற்ற வேறொருவன் முற்றத்திற் காய் வீழ்த்தும் முடத்தெங்கைப் பற்றிக் காணிக்கையிட்ட ஏழைகள் நன்கு அறிவர். திருமூலர் அசற்குரு நெறி எனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கொல்லிமலை இறைவனை முன்னிலைப்படுத்தி அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகமும் நல்லாசிரியர் இயல்பைத் தொடக்கத்திலேயே பேசுகின்றது. பொய்க்குருவை அஞ்சும் மரபு தமிழ்க் கிறித்தவர் வெளியிலிருந்து பெற்றது மட்டும் அன்று; நிலம் முன்பே பண்பட்டிருந்தது.

இவ்வாராய்ச்சியில் யான் புகுதற்கு ஒரு காரணம் உண்டு. அதனைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. தொடக்கப்பள்ளியில் எனக்கு எழுத்தறிவித்த ஆசிரியை ஒருவர் முதுமையில் நீரிழிவு நோயுடையவராய் இருந்தார். ஊருக்கு வந்த போதகர் ஒருவர், மருந்துண்பது நம்பிக்கைக் குறைவு என அவர்க்கு உரைத்தார். அம்மையார் ஊசியை நிறுத்தினார். ஏழு திங்களில் இறந்தார். போதகரின் பெயர் ஈண்டு வேண்டா. மருந்துப்பெட்டியைச் சுமந்து மலையேறியவரும் மருந்தை எறியச் சொன்னவரும் ஓதியது ஒரே மறையையே என்பது அன்று முதல் என்னை உறுத்தி வருகின்றது.

அம்மையார் மறைந்த சில நாட்களின்பின் அவர் மகன் அவர்தம் வேதாகமத்தை என்னிடம் காட்டினார். யோவானின் மூன்றாம் திருமுகம் உள்ள பக்கத்தில், நலமுற்று வாழ்க என்னும் அவ்வாழ்த்தின் கீழ் மட்டும் சிவப்பு மையிற் கோடிட்டிருந்தது; ஓரத்தில் நாளும் குறிக்கப்பட்டிருந்தது. அத்திருமுகம் மிகச் சிறியது. ஒரு பக்கத்துள் அடங்குவது. கோடிட்ட வரிக்குச் சற்றுக் கீழே, எவரிடமும் ஒன்றும் பெறாது புறப்பட்டுச் சென்ற போதகர்களை ஏற்றுக்கொள்ளுமாறு எழுதப்பட்டுள்ளது. அதற்கும் சற்றுக் கீழே, தானே முதல்வனாயிருக்க விரும்பிப் பிறரை ஏற்காது சபையினின்று தள்ளிய தியோத்திரேப்பு என்பானைப் பற்றிய எச்சரிக்கை உள்ளது. அவ்வரிகளின் கீழே கோடு ஒன்றும் இல்லை.